குமிழி விழாத தாள்

அன்று காலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் மனைவி, என் மருமகள், மருமகளின் தகப்பனாராகிய என் சம்பந்தி, மருமகளின் அண்ணன், கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த பெண், எதிர்வீட்டில் குடியிருந்து கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர். என் மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். பிற்பாடு தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. வேறு ஒருவரும் இல்லை.

எல்லோரையும் கூட்டியவன் நான்தான். பழுது பார்க்க ஒருவர் போதும். தவறு எந்த வீட்டுக் கையால் நடந்தது என்பது நாலு பேர் முன்னிலையில் தெரிய வேண்டும் என்று மற்றவர்களை வரச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டது சாட்சிக்கு.

முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்தவன் நான். கடுகளவு குறைந்தாலும் விட்டதில்லை. தெருவில் எனக்குத் ‘தராசு முள்’ என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மருமகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இனிமேல் கட்டப்போகிற கட்டடம் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று நிஜம் போலவே படம் செய்து கொடுக்கிற வேலை. அதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்காது. அவளுடைய அண்ணன் பாகம் பாகமாக வாங்கி வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒரே பகலில் பூட்டிக் கொடுத்தான். அவன் அப்படிப் பூட்டித் தருகிற கடை ஒன்று திறக்க இருந்தான். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டார் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

முதல் நாளிலிருந்தே தகராறு. கடிதம் எழுதினால், படம் பார்த்தால் ஒன்றும் இல்லை. கட்டடப் படம் செய்ய ஆரம்பித்தால் பத்தே நிமிடம், பொட்டென்று அணைந்துவிடும். மருமகள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அண்ணன் இரண்டு தடவை வந்து பார்த்தான். காற்றாடியை மாற்றினான், மின்சாரம் வருகிற பெட்டியை மாற்றினான். தீரவில்லை.

“கூடப் பிறந்தவளுக்குப் பூட்டினதே இந்த லட்சணம்னா, ஊரானுக்கு என்னத்தப் பூட்டுவான்?” என்று எதிர்வீட்டு வாசலில் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று வீட்டாரில் இருவர் பின்வாங்கினார்கள். எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. அளவு தவறியவனை ஊருக்குச் சொல்வதுதானே என் உத்தியோகம்?

சம்பந்தி வந்து சோபாவில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. வாங்கிய பொருளின் மேலுறையை உரிப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. சோபா வந்து ஒன்பது வருடம். ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தாள், டிவி ரிமோட்டின் உறை, சுவர்க் கடிகாரத்தின் முகத்தாள் எல்லாம் கடையில் இருந்தபடியே இருக்கும்.

“நல்லவேளை சார், மருமகளையாவது கவர் பிரிச்சு எடுத்தீங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது. என் மனைவி சிரிப்பை மறைக்க உள்ளே போனாள்.

பழுது பார்க்கும் பெண் நாற்பது வயதுக்காரி. அதிகம் பேசவில்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். திரையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு.

“இது பிராசசரோட சூடு சார். நூறு தாண்டினா தானாவே அணைச்சுக்கும். இல்லேன்னா கருகிடும்.”

“காற்றாடிக் கோளாறா?” என்றேன்.

“காற்றாடி நல்லா சுத்துது. இங்க கை வைங்க.” பிராசசரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கிற கூலரின் தகடுகளைக் காட்டினாள்.

வைத்தேன். சில்லென்று இருந்தது.

“கீழ அடுப்பு எரியுது, மேல வச்ச பாத்திரம் குளிர்ந்து கெடக்கு. அப்ப நடுவுல ஏதோ தடுக்குது” என்றாள்.

எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. சரியான சோதனை. நான் திரும்பிச் சம்பந்தியைப் பார்த்தேன். “கேட்டீங்களா சம்பந்தி? நடுவுல ஏதோ இருக்காம்.” அவர் தன் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அணைத்துவிட்டு நாலு திருகுகளையும் கழற்றிக் கூலரைத் தூக்கினாள். நெற்றியில் மாட்டிய சிறு விளக்கை அதன் அடியில் காட்டினாள். பிறகு நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். ஒரு மெல்லிய தாள் உரிந்து வந்தது, கண்ணாடி போல, ஒரு பக்கம் மட்டும் சூடு கடத்துகிற சாம்பல் நிறப் பசையோடு.

“இதுதான். கூலரோட அடிப்பக்கத்துக்குக் கடையில ஒட்டி வர்ற தாள். மாட்டறதுக்கு முன்னாடி உரிக்கணும்.”

“உரிச்சேனே!” என்றான் மருமகளின் அண்ணன்.

“உரிச்சா எப்படித் தம்பி உள்ள இருக்கும்?” என்றேன் நான்.

அந்தப் பெண் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். “ஆனா ஒண்ணு. இதுக்கு ஒரு சிவப்பு வால் இருக்கும், ‘உரிக்கவும்’னு எழுதி. அது கிழிஞ்சு போயிருக்கு. யாரோ ஒரு தடவ இழுத்திருக்காங்க.”

“உரிச்சதத் திரும்ப ஒட்டறதுக்கு யாருக்குச் சார் கிறுக்கு?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்தது.

பூட்டிய நாள் பகல். மேசையில் கூலர் மல்லாந்து கிடந்தது. அடிப்புறச் செம்பு புதுக் கண்ணாடி போல மின்னியது. உரித்த தாள் பக்கத்தில் இருந்தது. அவன் போன் வந்து வாசலுக்குப் போயிருந்தான். புதுச் செம்பு, கை பட்டால் ரேகை விழுந்துவிடும். எடைக்கற்களை வெறுங்கையால் தொடாமல் தோல் துண்டால் எடுத்துப் பழகியவன் நான். தாளை எடுத்தேன். கைக்குட்டையை மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, மறுபடி ஒட்டினேன். ஒரு குமிழி விழவில்லை. பிறகு செய்தித்தாள் படிக்கப் போய்விட்டேன். அவன் வந்து பிராசசரின் மேல் பசை வைத்து, கூலரைக் கவிழ்த்துப் பூட்டியிருக்கிறான். தான் உரித்த தாள் திரும்ப ஏறி உட்கார்ந்திருக்கும் என்று எவன் நினைப்பான்?

சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். எல்லோரையும் கூட்டியவன் நான். வாய் வரவில்லை.

அந்தப் பெண் பழைய பசையைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, கூலரைப் பூட்டினாள். மருமகள் தன் கட்டடத்தை ஓடவிட்டாள். எண் அறுபத்திரண்டில் நின்றது. அரை மணி நேரம் நின்றது. மருமகள் முகத்தில் மலர்ச்சி வந்தது. அண்ணனைப் பார்த்ததும் போய்விட்டது.

“உரிச்ச மாதிரிதான் மாமா ஞாபகம்” என்றான் அவன். “ஆனா தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க.”

சம்பந்தி எழுந்து நின்று எனக்குக் கை கூப்பினார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். “சின்ன வயசுக் கவனக்குறைவு. நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது” என்றார்.

“பரவாயில்ல, விடுங்க” என்றேன். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கள்ள எடை அது ஒன்றுதான்.

எல்லோரும் போன பிறகு என் மனைவி மேசையில் கிடந்த தாளைத் துடைத்து எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். அதை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். ஓரத்தில் இரண்டு குமிழி விழுந்தது.

“எனக்கு வரல” என்றாள். “குமிழி விழாம ஒட்டறதுக்கு இந்த வீட்டுல ஒரு ஆளுதான் இருக்கு. என்னங்க?”

நான் செய்தித்தாளை விரித்தேன். அவள் ஜன்னலில் அந்தத் தாளை அப்படியே விட்டுவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

நாலு நாள் கடந்து போனேன். இதற்குள் மூன்றாவது வீட்டாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலை மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“அண்ணன் கடை வேணாம்னுட்டான் மாமா. பலகையக் கழட்டிட்டானாம். பழைய வேலைக்கே போறேங்கிறான்.”

“ஏன்? ஒரு தப்புக்காகவா?”

“தப்புக்காக இல்ல. உரிச்சது அவன் கண்ணுலயே நிக்குதாம். ஆனா தாள் உள்ள இருந்துச்சே. என் கண்ணையே நம்ப முடியலேன்னா நான் எத நம்பி அடுத்தவங்க பொருளத் தொடறதுன்னு கேக்கறான்.”

காபி ஆறிப்போயிற்று. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று என் மனைவி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் அந்தத் தாளை உரித்து என் கையில் கொடுத்தாள்.

சம்பந்தி வீட்டில் தகப்பனும் மகனும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். போன் வந்தது, கைக்குட்டை, செம்பு, பசை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தாளை மேசையில் வைத்தேன். அந்தக் காலையிலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

சம்பந்தி பதறிப்போனார். “போகட்டும் விடுங்க. இத வெளிய சொல்ல வேணாம். உங்க வயசுக்கு மரியாதை என்னாகறது?”

மகன் தாளை எடுத்துக் கிழிந்த மூலையை விரலால் தடவினான்.

“அப்ப நான் உரிச்சிருக்கேன்” என்றான்.

“உரிச்சே தம்பி. உன் வேலையில குறை இல்ல.”

“அஞ்சு நாளா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் எழுந்து, மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த கடைப் பலகையை நேராகத் திருப்பி வைத்தான்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டுக்காரரை அவர் வாசலிலேயே பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“போங்க சார். நீங்களாவது? தராசு முள்ளாவது?” என்று கண்ணைச் சிமிட்டினார். “புரியுது, புரியுது. சம்பந்தி மானத்துக்காக.”

அன்று மாலையே அது தெரு முழுக்கப் போய்விட்டது. தப்பு செய்தது மருமகளின் அண்ணன்தான் என்றும், பெருந்தன்மையால் நான் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். மருந்துக்கடையில் ஒருவர் எழுந்து நின்று எனக்கு இடம் கொடுத்தார். அந்த மூன்று வீட்டாரில் ஒருவரும் இன்னும் அவனிடம் திரும்பிப் போகவில்லை.

அந்தப் பேச்சு பொய். அவன் உரித்தான். ஒட்டியது நான்.