அப்பா படத்துக்குப் பக்கத்தில்

பெரியவருடைய பேத்தியின் தோல் பிறந்ததிலிருந்தே சுருங்கித் தொங்கியது. செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி உறுப்பில் வேலை செய்யும் ஒரு புரதத்தின் மரபணுவில் பிழை, அது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பெரியவரின் தங்கை அடங்கவில்லை.

"நம்ம பரம்பரையில இப்படி உண்டாண்ணே? மருமகளை அவ வீட்டுக்கே அனுப்பிடுங்க."

பெரியவர் தன் ரத்தப் பரிசோதனை அறிக்கையைச் சட்டமிட்டு, வாசலுக்கு நேரே, அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

"அதே பிழை எனக்கும் இருக்கு. நம்மளைப் பெத்தவங்கள்ல ஒருத்தர் கொடுத்து, என் வழியா பையனுக்குப் போனது. உனக்கும் இருக்கலாம்."

"கழட்டுங்கண்ணே. நாலு பேர் பார்த்தா மானம் போயிடும்."

"பார்க்கட்டும்னுதான் மாட்டினேன். நம்ம பங்கை மறைச்சு எல்லாத்தையும் அவ தலையில கட்டினா, அப்பதான் மானம் போகும்."

பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"சட்டம் கோணலா இருக்காம்மா?"

"நேராத்தான் இருக்கு, மாமா."