ஒராசியோ பெயரில் தொண்ணூற்றாறு மணி நேரம்

ஒராசியோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புவெனஸ் அயர்ஸில் இருபத்தாறு வருடமாக ராத்திரி டாக்ஸி ஓட்டுகிறவர். பகலில் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய மனிதர், மூன்று வாரமாக அரங்கத்தின் வெளிச்சுவரை ஒட்டி, ஒரு பச்சைக் கூடாரத்தின் முன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை அங்கே நாயரா பாடுகிறாள். அவள் யார், எவர் என்று போன மாதம் வரை அவருக்குத் தெரியாது. இப்போது அவள் வீட்டுப் பூனைகளின் பெயர்கூட அத்துப்படி.

எல்லாம் மகள் லுட்மிலாவின் ஒரு தொலைபேசி அழைப்பால் வந்தது.

"அப்பா, எனக்குப் பரீட்சை நடக்குது. பகல்ல நீ கூடாரத்துல உக்காந்துக்கறியா? ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். சனிக்கிழமை ராத்திரி நீ வேலைக்குப் போயிடாத, சரியா?"

இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். டிக்கெட் இரண்டு. ஒன்று அவளுக்கு. சனிக்கிழமை வேலைக்குப் போகாதே என்கிறாள். அப்படியானால் மற்றது யாருக்கு? தனக்குத்தான் என்று ஒராசியோ காலையில் நினைத்தார். மத்தியானம் அப்படி இருக்காது என்று நினைத்தார். சாயங்காலம் தனக்குத்தான் என்று மறுபடி முடிவு கட்டினார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அதை மட்டும் அவர் செய்யவில்லை.

செய்யாததற்குக் காரணம் இருந்தது. லுட்மிலாவின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்தில் அந்த ஊர் வழக்கப்படி முதல் நடனம் அப்பனுடையது. விமான நிலையத்துக்கு ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டு போன அப்பன், போக்குவரத்தில் மாட்டி, கேக் வெட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தான். அவளுடைய அம்மாவின் புதுக் கணவர் ஆடி முடித்திருந்தார். அதற்குப் பிறகு இந்த நான்கு வருடமாக, பல் டாக்டரிடம் பேசுவதுபோலத்தான் மகள் அவரிடம் பேசினாள். மரியாதையாக, சுருக்கமாக. அப்படிப்பட்டவள் தானாகக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னால் மனிதன் குறுக்குக் கேள்வியா கேட்பான்?

முன்னால் இடம் பிடிக்க ரசிகர்கள் போட்டிருந்த கூடார வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் ஏறும். அதிக நேரம் உட்கார்ந்தவர் முதலில் உள்ளே போய் மேடைக்கு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடிக்கலாம். கூட ஒரே ஒரு ஆளை அழைத்துப் போகலாம். நோட்டு, பிரிசா என்ற இருபது வயதுப் பெண்ணிடம் இருந்தது. காவல் நிலையத்திலிருந்து ஒருமுறை ஆள் வந்து, அவளிடம் பேசிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனதாகக் கேள்வி.

முதல் நாளே அவள் கேட்டாள்.

"பேரு?"

"ஒராசியோ பெரேய்ரா."

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. நானும் எம்பொண்ணும்."

எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அதிலிருந்து சனிக்கிழமைக்கான ஏற்பாடுகள் அவர் தலையில் ஏறி உட்கார்ந்தன. பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"அங்கிள், பெல்ட் போடாதீங்க, வாசல்ல கழட்டச் சொல்லுவாங்க."

"பேன்ட் நிக்கணுமேம்மா."

"அஞ்சு மணிக்கு மேல தண்ணி குடிக்காதீங்க. கம்பிய விட்டு பாத்ரூம் போனா இடம் போச்சு."

"தண்ணி குடிக்கலைன்னா மயக்கம் வரும்னு நேத்து நீதானே சொன்ன?"

"ஆமா, அதுக்குத்தான் நல்லா குடிக்கணும். ஆனா குடிக்கக் கூடாது."

சட்டை வெள்ளி நிறமா கறுப்பா என்று ஒரு முழு நாள் வாக்குவாதம் நடந்தது. கறி அடைத்த எம்பனாடாவை முன்னால் சாப்பிடுவதா, முடிந்து வெளியே வந்து தொத்திறைச்சி வைத்த சோரிபான் ரொட்டி சாப்பிடுவதா என்று அவரே தனியாக இரண்டு நாள் யோசித்தார். டாக்ஸியில் ராத்திரி முழுக்க நாயராவின் பாட்டை ஓடவிட்டு மனப்பாடம் செய்தார். பயணிகள் இருவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரிசா கடைசிப் பட்டியலை வாசித்தாள். அன்றுதான் பரீட்சை முடிந்த லுட்மிலா, ஒரு பொட்டலம் இனிப்பு ரொட்டியோடு வந்து நின்றாள்.

"பதினாலு. ஒராசியோ பெரேய்ரா, தொண்ணூத்தாறு மணி நேரம்."

லுட்மிலா சிரித்தாள். "என் பேரை மாத்திப் போட்டிருக்க. லுட்மிலா பெரேய்ரா."

"உக்காந்தது இவரு. பேரு இவருது," என்றாள் பிரிசா.

"எனக்காகத்தானே உக்காந்தாரு? நானும் தமாராவும் போறோம். டிக்கெட் எங்ககிட்ட இருக்கு."

"போன தடவை ஒருத்தன் தன் நேரத்தைத் தூக்கி மச்சானுக்குக் குடுத்து, அடிதடி ஆகிப்போச்சு. இனிமே உக்காந்தவங்க வரணும். கூட ஒரு ஆளு. அங்கிள் வந்தா கம்பி. வரலைன்னா நீங்க ரெண்டு பேரும் கடைசில நிக்கலாம்." நோட்டை மூடிக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

தமாரா என்பவள் லுட்மிலாவின் கல்லூரித் தோழி. இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று ஒராசியோவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்.

"சனிக்கிழமை என்னை வேலைக்குப் போகாதன்னு சொன்னியே?"

"முடிஞ்சதும் எங்களை வீட்ல கொண்டுவிடத்தான். அந்த நேரத்துல டாக்ஸி கிடைக்காதுல்ல." சொல்லிவிட்டுத்தான் அவர் மடியில் இருந்த கடைப் பையைப் பார்த்தாள். பைக்கு வெளியே ஒரு வெள்ளி நிறச் சட்டையின் கை தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீயும் வரேன்னு நெனச்சியா?"

"ம்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லைன்னு சொல்லிருப்ப."

லுட்மிலா ரொட்டிப் பொட்டலத்தைக் கூடார வாசலில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மூன்று வருடமாக அவள் கனவு கண்ட கம்பி அது. பிறகு சற்றுத் தள்ளிப் போய் தொலைபேசியை எடுத்தாள். "தமாரா, கோவப்படாத, ஒண்ணு சொல்றேன்" என்பது மட்டும் அவருக்குக் கேட்டது. மிச்சத்தைப் பேருந்தின் இரைச்சல் தின்றுவிட்டது. அந்தப் பக்கம் தமாரா கோபப்பட்டாள் போலிருக்கிறது, வெகு நேரம் பேச்சு நடந்தது.

திரும்பி வந்து சொன்னாள். "சரிப்பா. நீ வா."

ஒராசியோவுக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு நடுவே மீன் முள் மாதிரி ஒன்று குத்தியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று வாரம் அப்படித்தானே இருந்தார். ஆனால் இந்த முறை கேட்டுவிட்டார்.

"என்னைக் கூட்டிட்டுப் போறியா, இல்ல அந்தப் பதினாலாம் நம்பரையா?"

லுட்மிலா பொய் சொல்லத் தெரிந்த பெண் இல்லை. அவள் அம்மாவிடமிருந்து வந்த குணம் அது. மண்ணைப் பார்த்தாள், அரங்கத்தைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"தெரியலப்பா," என்றாள். "சனிக்கிழமை பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்."