பொன்பொடியும் பீப்பாய் எலிகளும்

கோட்டை வாசலில் மீன் விற்கிற திரௌபதியிடம் இறால் கேட்டவர்கள் உண்டு, நண்டு கேட்டவர்கள் உண்டு, நேற்றைய மீனை இன்றைய மீன் என்கிறாயே என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. உயிரோடு எலி வேண்டும் என்று கேட்டவர் யான் துரை ஒருவர்தான்.

யான் துரை பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் உலாந்தாக் கோட்டைக்கு வைத்தியர். யாராவது “யாரது?” என்று கேட்டு, அவர் “யான்” என்று பதில் சொன்னால், ஊரில் நாலெழுத்து படித்தவர்கள் அன்று முழுக்கச் சிரிப்பார்கள். அவருக்கு ஏனென்று புரியாது. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

“செத்த எலி வேண்டாம். ஓடுகிற எலி,” என்றார்.

“உங்க ஊர்ல எலிக்கறி துன்னுவீங்களா தொரே?”

“தின்ன அல்ல. மருந்து கொடுக்க.”

“எலிக்கு இன்னா சீக்கு?”

“அது இனிமேல்தான் தெரியும்.”

விஷயம் இதுதான். மஞ்சள் பாஷாணமான அரிதாரக் கல்லைப் பொடித்து, எதையெதையோ சேர்த்து, குளிர்காய்ச்சலுக்கு அவர் ஒரு மருந்து செய்திருந்தார். பொன் நிறத்தில் இருந்ததால் அதைப் பொன்பொடி என்றார்கள். காய்ச்சல் நின்றது நிஜம். உடனே கோட்டைத் தலைவர், ஏரியைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பத்துக்கும் தினம் கொடுத்துவிடு என்று உத்தரவு போட்டுவிட்டார். யான் துரைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நாலு நாள் குடித்தால் நல்லது. வருஷக்கணக்கில் குடித்தால் என்ன ஆகும்? அதை முதலில் எலிகளிடம் பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சித் தவணை வாங்கியிருந்தார்.

எலி பிடிப்பது திரௌபதிக்குப் பெரிய காரியமில்லை. ஏரிக்கு நடுவே அவள் குப்பமான பசியாவரத்தில் கருவாட்டைக் காவல் காத்ததே எலிகளிடமிருந்துதான். கூடையில் பிடித்துப் போட்டாள். கூடையைக் கடித்துவிட்டு ஓடின. மரப்பெட்டியில் போட்டாள், அதையும் கடித்தன. கடைசியில் கொல்லன் பூபதி, இரண்டு காலி சாராயப் பீப்பாய்களுக்கு உள்ளே தகடு அடித்து, மேலே இரும்புக் கம்பி போட்டுக் கொடுத்தான். ஒரு பீப்பாய்க்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றுக்குப் பொன்பொடி கலந்த தண்ணீர். தீனி ஒன்றுதான். பார்த்துக்கொள்ளத் துரை திரௌபதியையே வைத்துக்கொண்டார்.

தினமும் மீன் விற்று முடித்ததும் வைக்கோல் மாற்றி, நெல் போட்டு, எலிகளோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் படகேறுவாள். மஞ்சள் தண்ணீர்ப் பீப்பாயில் ஒரு குண்டு எலி இருந்தது. எல்லா நெல்லையும் தன் பக்கமே ஒதுக்கிக்கொள்ளும். அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். கோட்டையின் நிஜக் கணக்கப்பிள்ளை காதில் அது விழுந்து, கொஞ்ச நாள் அவளிடம் மீன் வாங்காமல் இருந்தார்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. ஒருநாள் மஞ்சள் பீப்பாயின் வைக்கோலில் சிவப்பாகத் திட்டு தெரிந்தது. எலிகள் தங்களுக்குள் கடித்துக்கொண்டன என்று நினைத்தாள். மறுநாளும் சிவப்பு. சிறுநீரோடு ரத்தம் போவதை யான் துரைதான் கண்டுபிடித்தார். கணக்கப்பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது; ஒரு காலையில் கம்பிப் பக்கம் எழுந்து வரவில்லை.

துரை அதை அறுத்துப் பார்த்தார். திரௌபதி விளக்கைப் பிடித்தாள். மூத்திரப்பைக்குள், நண்டின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சினை மாதிரி, பொடிப்பொடியாகக் கொத்தாக ஒரு வளர்த்தி. அந்தப் பீப்பாயில் இன்னும் சில எலிகளுக்கும் அப்படியே இருந்தது. வெறும் தண்ணீர் குடித்த எலிகளில் ஒன்றுக்குக்கூட இல்லை.

“புற்று,” என்றார் துரை. வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு அறுத்தெடுத்ததை ஒரு சாடியில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேராகக் கோட்டைத் தலைவரிடம் போனார். கத்தல் வெளியே வரைக்கும் கேட்டது. திரும்பி வரும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. “குப்பத்துக்குப் போகாது. ஒரு சிட்டிகைகூடப் போகாது.”

திரௌபதி அதற்குமேல் நிற்கவில்லை; ஓடிப்போய்ப் படகேறினாள். ஏனென்றால் அவள் புருஷன் பச்சைமுத்து, போன வருஷக் காய்ச்சலுக்கு வாங்கிய பொன்பொடியைக் காய்ச்சல் விட்ட பிறகும் விடவில்லை. தினமும் விடிந்ததும் கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை. வலை இழுக்கிற பலமே அதிலிருந்துதான் வருகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

“யோவ், அந்தப் பொடிய ஏரில கொட்டு! எலிங்கல்லாம் சாவுது.”

“நான் இன்னா எலியாமே?” என்றான் பச்சைமுத்து.

“நாலு காலும் வாலும்தான் இல்ல.”

அவன் அசையவில்லை. யான் துரையே படகில் வந்தார். இறங்கும்போது முழங்கால்வரை சேற்றில் புதைந்து, ஒரு செருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தன் மருந்து தப்பு என்று வாய்திறந்து சொன்னார். பச்சைமுத்து கைகட்டிக் கேட்டான். “சரிங்க தொரே,” என்றான். துரையின் தலை மறைந்ததும் பொடியை மூங்கில் குழாயில் அடைத்துப் படகின் பலகைக்கடியில் ஒளித்துவைத்தான்.

பதினைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த இடம் தெரியாதா? சண்டை போட்டால் வேறு இடத்தில் ஒளிப்பான். அவள் பொடியை எடுத்துப்போய்த் துரையிடமே கொடுத்துவிட்டு, குழாயில் மஞ்சள்தூளும் கொஞ்சம் சலித்த களிமண்ணும் நிரப்பினாள்.

கண்டுபிடித்துவிடுவானோ என்று இரண்டு வாரம் பயந்துகொண்டே இருந்தாள். பச்சைமுத்துவோ முன்னைவிட உற்சாகமாக இருந்தான். இறால் வரத்து நன்றாக இருந்த நேரம். தனியாளாக நின்று வலையை இழுத்துப் போட்டான். கரையில் அவன் கூட்டாளி சம்பந்தம் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, மனசு இளகி, குழாயை எடுத்து நீட்டினான்.

“யார்கிட்டயும் சொல்லாத. ஒரு சிட்டிகை போடு. காளமாடு மாதிரி ஆயிடுவ.”

சம்பந்தம் நாக்கில் வைத்தான். சப்புக்கொட்டினான். இன்னொரு தடவை வைத்தான்.

“டேய், இது குழம்புக்குப் போடுற மஞ்சளுடா!”

இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பச்சைமுத்து தானும் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தான். மெதுவாகத் திரும்பித் திரௌபதியைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“எத்தினி நாளாமே?”

“ரெண்டு வாரம் ஆச்சுய்யா. இந்த இறாலு பூரா உன் கையாலதான் இழுத்த. பொடியும் இல்ல, புண்ணாக்கும் இல்ல.”

கோபப்படலாமா என்று அவன் யோசித்தது முகத்தில் தெரிந்தது. அதற்குள் சம்பந்தம் மணலில் புரண்டு சிரிக்க, கரையே சிரிக்க, அவனுக்கும் அடக்க முடியவில்லை.

படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் குரலைத் தாழ்த்தினான். “திரௌபதி, எனக்கு உள்ள ஒண்ணும் இருக்காதுல்ல?”

அவள் சிரிப்பை நிறுத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “தொரையக் கேட்டேன். எலிங்க அவ்ளோ சின்ன ஒடம்புல ராவும் பகலும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சுதுங்க, நீ தெனம் ஒரு சிட்டிகதான்னாரு. உறுதியா சொல்ல முடியாதுன்னும் சொன்னாரு. பாத்துக்குவோம். செவப்பா ஏதாவது தெரிஞ்சா மறைக்காத.”

மறைக்கவில்லை. தினமும் காலையில் பனைமரத்துப் பக்கம் போய்விட்டு வந்து, “நல்ல தண்ணி மாதிரி போச்சு!” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு நாளும் சிவக்கவில்லை. பேரன்களைத் தோளில் தூக்கிச் சுமக்கிற வயசுவரை அவன் ஏரியில் வலை போட்டான்.

மஞ்சள்தூள் குட்டு உடைந்த வருஷத்தின் கடைசியில் ஒரு வியாபாரி பசியாவரத்துக்கு வந்து, சகல வியாதிக்கும் ஒரே எண்ணெய் என்று கூவினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் ஆளாய் வந்தது பச்சைமுத்துதான். குப்பியை வாங்கி மோந்து பார்த்தான்.

“எலிக்குக் குடுத்துப் பாத்தியா?” என்று கேட்டான்.

வியாபாரி மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கூவப் பார்த்தான்.

“குடுத்துட்டு வா. ரெண்டு மழை கழிச்சு வா. நாங்க எங்க போகப்போறோம்?”