பள்ளித் தண்ணீரும் நஸ்லாவின் கம்பிச்சுருளும்

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் குழாயடியில் நின்றவர்கள் நான்கு பேர்: பள்ளிக்குத் தண்ணீர் கொடுக்கும் வீட்டுக்காரர் அலியார் ஹாஜியார், பாங்கு சொல்லும் மோதினார் உசனார், நிருவாக சபையில் புதிதாகச் சேர்ந்த ரிப்கான், பள்ளியின் மின்வேலைகளைக் கவனிக்கும் மஸாஹிர். அதே நேரத்தில் வேலிக்கு அப்பால் ஹாஜியாரின் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அவருடைய மனைவி சுல்பா, மகள் நஸ்லா, மகன் அர்கம். இந்த ஏழு பேரைத் தவிர வேறு யாரும் எதையும் கண்ணால் காணவில்லை. கண்டதாகச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கற்பிட்டிக் கரையிலுள்ள குறிஞ்சிப்பிட்டியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறு அல்ல. சிலவற்றில் உப்பு ஏறிவிடும். அலியார் வீட்டுக் கிணற்றில் மட்டும் எந்தக் கோடையிலும் உப்பு ஏறியதில்லை. அவருடைய வாப்பா அந்தத் தண்ணீரைப் பள்ளிக்கு அறக்கொடையாக வக்பு செய்து, வீட்டிலிருந்து பள்ளிவரை இரும்புக் குழாய் போட்டார். உப்பு மண் இரும்பைத் தின்றுவிடும் என்பதால் குழாயை மண்ணில் புதைக்காமல் சீமெந்துக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்தார். அன்றுமுதல் ஊரே அந்த வீட்டுத் தண்ணீரில்தான் தொழுகைக்குமுன் கை, முகம், கால் கழுவி ஒழுச் செய்கிறது. ஹஜ் செய்து வந்த பட்டத்தைவிட அந்தக் குழாய்தான் அலியாருக்குப் பெரிது. டவுன் தண்ணீரை இழுப்போம் என்று ரிப்கான் சபையில் பேச்செடுக்கும்போதெல்லாம் அவர் கதிரையைப் பின்னே தள்ளி எழுந்து போய்விடுவார்.

அன்று சட்டைக் கைகளை மடித்து, பிஸ்மி சொல்லி, அலியார் குழாயைத் திறக்கக் கையை நீட்டினார். விரல் படுவதற்கு முன்பே நீலமாக ஒரு பொறி துள்ளி வந்து விரல் நுனியில் குத்தியது. காய்ச்சிய ஊசியால் குத்தியதுபோல் இருந்தது. துள்ளிக் குதிக்கிற மனிதர் அல்ல அவர். நின்ற இடத்திலேயே நின்று, விரலைப் பார்த்தார். நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

“என்ன ஹாஜியார், குழாயப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?” என்றார் உசனார்.

“கரண்ட்.”

நம்பாமல் உசனாரும் கையை நீட்டினார். “யா அல்லாஹ்” என்று இழுத்துக்கொண்டு, விரலை வாயில் வைத்தார்.

“இதத்தான் நான் எப்பவும் சொல்ற” என்றான் ரிப்கான். “பழைய இரும்பு. டவுன் லைன எடுத்திருந்தா இந்தத் தொல்ல வருமா?”

பொறி சுட்டதைவிட அது சுட்டது. அலியார் மஸாஹிர் பக்கம் திரும்பினார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கையில் ஒரு பையோடு இந்தக் கரைக்கு வந்தவர் மஸாஹிர். யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள்.

“உன்ட வேலதானே இது? வயரக் கண்டபடி இழுத்து வெச்சா வேற என்ன வரும்? வந்த இடத்துல கொஞ்சம் கவனமா இருக்கத் தெரியணும்” என்றார் அலியார்.

வந்த இடம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் பள்ளிக்குள் விழுந்தது. உசனார் தரையைப் பார்த்தார். மஸாஹிர் உள்ளே போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. திரும்பி வந்து, தன் ஸ்குரூ டிரைவரின் நுனியைக் குழாயருகே கொண்டுபோனார். பொறி துள்ளியது.

“மெயின் ஓஃப், ஹாஜியார். பள்ளியில இப்ப கரண்ட் இல்ல. குழாய் உங்கட வளவுல இருந்துதான் வருது.”

“என்ட வீட்டுல பிழை என்டா சொல்றாய்?”

“குழாய் எங்கால வருது என்டு மட்டும்தான் சொன்ன.”

“கரண்டும் இல்லாம நெருப்பு வாறண்டா,” உசனார் குரலைத் தாழ்த்தினார், “இது வேற சாமான். ஜின்னா இரிக்கும்.”

“ஜின்னுக்குக் குழாயடியில என்ன வேல, மோதினார்? ஒழுச் செய்யவா?” என்றான் ரிப்கான்.

தன் வீட்டில் பிழையில்லை என்று காட்டுவதற்காகவே அலியார் விறுவிறு என்று வேலியைக் கடந்தார்.

நஸ்லா கற்பிட்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அர்கம் போன் திருத்துகிறவன். பின்னறையில் அக்காவும் தம்பியும் மாதக்கணக்கில் எதையோ செய்துகொண்டிருந்தார்கள். உயரமான ஒரு பிளாஸ்டிக் குழாயில் தலைமுடிபோன்ற செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். அதன் அடியில் தடித்த கம்பி சில சுற்று. ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஏற்றபடி தள்ளுவதுபோல, மெல்லிய சுருள் கேட்கும் வேகத்தில் தடித்த கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால், சுருளின் தலையில் மின்னல் வரும். அப்படித் தள்ளிவிடும் மின்பலகை, டிரைவர் போட், ஒன்றுதான் சரிவராமல் இருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கி அதில் பொருத்திய, மின்சாரத்தைத் திறந்து மூடும் மூன்று கால் மொஸ்பெட்டுகள் ஒவ்வொன்றாக வெடித்து, வீடெல்லாம் கருகல் மணம். மகள் ரேடியோ திருத்துகிறாள் என்றுதான் அலியார் சொந்தக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அவர் கதவைத் தள்ளினார். சுருளின் உச்சியிலிருந்து ஊதா நிற நெருப்பு இழைகள் சீறிக்கொண்டு கிளைவிட்டன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி அவருடைய மனைவி சுல்பா, பழைய டியூப் பல்பு ஒன்றை ஒரு வயரும் இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்பு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

அலியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“வாப்பா, பாருங்க, ராத்தாட போட் இந்த முற வெடிக்கல்ல” என்றான் அர்கம், அக்காவைக் காட்டி.

அவருடைய கண் வேறொன்றில் நின்றது. சுருளின் அடியிலிருந்து பச்சை வயர் ஒன்று ஜன்னலால் வெளியே போய், பள்ளிக் குழாயில் கட்டப்பட்டிருந்தது.

“அது என்ன வயர்?”

“எர்த், வாப்பா” என்றாள் நஸ்லா. “சுருள்ட அடிய நிலத்துக்கு இறக்கணும். குழாய் கிணத்துக்குள்ள இறங்குதுதானே?”

“இறங்கல்ல. கிணத்தடித் துண்டு துருப்பிடிச்சுப் போய், நோம்புக்கு முன்ன பிளாஸ்டிக் போட்டாச்சு.”

நஸ்லாவின் முகம் வெளுத்தது. குழாய் மண்ணை எங்கும் தொடவில்லை. காய்ந்த கட்டைகளின் மேல் கிடக்கிறது. சுருளின் மின்சாரம் முழுவதும் அதன் வழியே பள்ளிவரை போயிருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் தொட்டவர்தான் அதற்கு நிலம். அவள் சுவிட்சை அடித்தாள். சுல்பாவின் கையில் பல்பு செத்தது.

“யாருக்காச்சும் அடிச்சதா?” என்றாள் நஸ்லா.

அலியார் விரலைக் காட்டினார். “எனக்கு. உசனாருக்கும்.”

“உசிருக்கு ஏதாச்சும் ஆகியிருக்குமா, புள்ள?” என்றாள் சுல்பா.

“தோலச் சுடும், உம்மா. நெஞ்சு வருத்தக்காரர் தொட்டிருந்தா என்னாகும் என்டு எனக்குச் சொல்லத் தெரியா.”

பிறகு சுல்பா கணவனின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “வயரக் கழட்டினா இனி ஒண்டும் வராது. பள்ளி வயரிங் என்டே இருக்கட்டும். எங்கட வீட்டால என்டு தெரிஞ்சா ரிப்கான் நாளைக்கே தண்ணிய நிப்பாட்டுவான். உங்கட வாப்பாட தண்ணி.”

அவள் சொன்னதில் பிழையில்லை. பழி மஸாஹிர் தலையில் கிடந்தால் தண்ணீர் நிலைக்கும். உண்மை வெளியே வந்தால் தண்ணீர் போகும். அலியார் கதிரையில் உட்கார்ந்தார். விரல் இன்னும் எரிந்தது.

“தண்ணி குடுக்குற வீடு பொய்யயும் சேத்துக் குடுக்கிறதா?” என்றார் கடைசியில். “நஸ்லா, முக்காட்டப் போடு. நீயும் வா. கேட்டா விளக்கம் சொல்லணும்.”

குழாயடியில் மூவரும் அப்படியே நின்றிருந்தார்கள். அலியார் முதுகை நிமிர்த்தி, வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தில் கேட்கிற குரலில் சொன்னார்: “கரண்ட் வந்தது என்ட வீட்டால. என்ட புள்ளைகள் செஞ்ச சாமானால. மஸாஹிர்ட வயரிங்ல ஒரு பிழையும் இல்ல. நான் அவருக்குச் சொன்ன கதைதான் பிழை.”

ரிப்கான் வாயைத் திறந்தான். “அப்ப டவுன் லைன்...”

“சபையில பேசு. நான் எழும்பிப் போகமாட்டன்.” பிறகு அவர் மஸாஹிரைப் பார்த்தார். “மாப்புச் செய்யணும், மஸாஹிர்.”

“அதப் பொறகு பாப்பம், ஹாஜியார். அஸர் நேரம் போகுது.”

மஸாஹிர் முன்னே வந்து, வெறும் கையால் குழாயைத் திறந்தார். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் வந்தது. கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்: “எத்தின வோல்ட் வரும், புள்ள?”

“அளக்கிற மீற்றர் எங்களிட்ட இல்ல, மாமா.”

சபை கூடியபோது அலியார் எழுந்து போகவில்லை. தண்ணீரில் குறை இல்லை, குழாயில்தான் குறை என்று மஸாஹிர் சொன்னார்; வேறு எதுவும் சொல்லவில்லை. இரும்பு போய் பிளாஸ்டிக் வந்தது. கிணறு அதே கிணறு.

ஹாஜியார் ஆத்திரத்தில் மகளின் சாமான்களை உடைத்துக் களப்பு நீரில் எறிந்தார் என்று தலவில ஊர் வரைக்கும் ஒரு கதை போயிருக்கிறது. அவர் எதையும் எறியவில்லை. கம்பிச்சுருள் அதே பின்னறையில் இருக்கிறது. அதன் எர்த் வயர் கிணற்றடி ஈரமண்ணில் இறக்கிய செம்புக் கோலில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கோலைச் சுத்தியலால் அடித்து இறக்கியவர் அலியார் ஹாஜியார்.