திரைக்குள் வந்த விருந்தாளிகள்

இப்போதெல்லாம் மனிதர்கள் படி ஏறாமலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். முகம் வருகிறது, கால் வருவதில்லை. நெல் தேறியதா, மழை விட்டதா என்று ஒரு வார்த்தை கிடையாது. பேசி முடித்ததும் விளக்கு மாதிரி அணைந்துபோகிறார்கள். ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் எங்கள் நீள்வீட்டுக்கு மாநிலச் சட்டமன்றம் வந்ததும் அப்படித்தான்.

விஷயம் பாலம். எங்கள் வீடு இந்தக் கரை, பள்ளிக்கூடம் அந்தக் கரை. நடுவில் தொங்கிய பாலத்தை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலத்தை எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் படகுத்துறையில், ஆற்றின் கீழே வெகுதூரத்தில் கட்டப்போவதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் படகில்தான் போய் வருகிறார்கள். போன மழையில் படகு கவிழ்ந்தபோது என் பேத்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினோம்.

அந்தத் தீர்மானத்தை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்பதற்காகத்தான் பெலிண்டா என்ற அதிகாரிப் பெண் ஒரு பெரிய திரையையும் கூடை மாதிரி ஒரு தட்டையும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தட்டை வானத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"இனிமே நீங்க தலைநகருக்கு அலைய வேண்டாம் தாத்தா. சபையே உங்க வீட்டுக்கு வரும். அஞ்சு நிமிஷம் பேசலாம். முடிஞ்சதும் அங்கயே ஓட்டு."

"ஓட்டுக் கேக்க வந்தவங்களும் அஞ்சு நிமிஷந்தாம்மா இருந்தாங்க," என்றேன்.

வீட்டுத் தலைவர் ரெங்கி சிரித்தார். "லுன்சா அப்பா, நீங்களே பேசுங்க. உங்களுக்குத்தான் யாரையும் நம்புற வியாதி இல்ல."

திரை வெளுத்தது. பிறகு திறந்தது. நான் கூரையைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் வீட்டை வாசல் வாசலாகப் பெயர்த்து உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும். அதற்குக் கீழே வட்டம் வட்டமாக மனிதர்கள், ஒவ்வொருவர் முன்னும் ஒரு சின்ன வெளிச்சம். உச்சியில் கறுப்பு அங்கி போட்ட சபாநாயகர் அம்மாள். அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். கோயிலுக்குள் நுழைந்ததுபோல என் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

"நீங்கள் பேசலாம்," என்றார் அந்த அம்மாள். திரையின் மூலையில் எண்கள் இறங்கத் தொடங்கின.

நான் வாய் திறப்பதற்குள், விருந்தாளிகளுக்கு ஊற்றும் சும்பிங் அம்மா எழுந்துவிட்டாள். பின்னால் பெண்கள் வரிசை. கையில் அரிசிக் கள் ஜாடி, கண்ணாடித் தம்ளர்கள். விருந்தாளி குடிக்காமல் எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அவள் ஒரு தம்ளரை நிரப்பி, இரண்டு கையாலும் திரைக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

பெலிண்டாவுக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, இது படம்க்கா! நேரம் ஓடுது!"

"முகம் தெரியுதுல்ல? அப்ப விருந்தாளிதான். குடிக்காத வாய்கிட்ட என்னத்தக் கேக்கிறது? உங்க அம்மா உனக்கு இதக்கூடவா சொல்லித் தரல?"

"அவங்களால குடிக்க முடியாதுக்கா!"

"நான் நிக்கிறேன். எனக்கென்ன அவசரம்?"

அப்போது கூரைமேல் எங்கள் சேவல் கூவியது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அதே சேவல் அந்த மண்டபத்தில் கூவியது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தலையைத் தூக்கி, அந்தத் தங்க நிறக் கூரையில் சேவலைத் தேடினார்கள். எனக்கு மயிர்க்கால் நட்டுக்கொண்டது. மூன்று நாள் ஆற்றுப் பயணத்தை எங்கள் சேவல் ஒரே கூவலில் கடந்துவிட்டது.

"பாலம்..." என்று நான் ஆரம்பித்தேன். மணி அடித்தது. எண்கள் தீர்ந்துவிட்டன. ஒலிவாங்கியில் எரிந்த விளக்கு அணைந்தது. நான் பேசியது அங்கே போகாமல் எனக்கே திரும்பி வந்தது.

"போச்சு," என்றாள் பெலிண்டா. "நேரம் முடிஞ்சா அதுவே மூடிக்கும் தாத்தா. யாரும் திறக்க முடியாது."

சும்பிங் அம்மா மட்டும் நீட்டிய கையை மடக்கவில்லை.

அங்கே பின்வரிசையில் ஒரு வயசாளி எழுந்தார். எங்கள் தொகுதிக்காரர் இல்லை. கடலோரத்து மனிதர் என்று பிறகு சொன்னார்கள். மேசையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். எங்கள் பாஷையில், உடைந்த பாஷையில், சொன்னார்: "ஊத்துனவங்க கை வலிக்குமே." ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சபாநாயகர் பக்கம் திரும்பி, "என் பேச்சு நேரத்த அந்த வீட்டுக்குக் குடுக்கிறேன்," என்றார்.

அந்த அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன் தம்ளரை எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர், அந்த வரிசை, எதிர் வரிசை. ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளும் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று வெறும் தண்ணீரைக் குடித்தார்கள். சும்பிங் அம்மா அப்போதுதான் கையை இறக்கினாள். கள்ளை அவளே குடித்தாள்.

விளக்கு மறுபடி எரிந்தது.

"படகுத்துறைக்கு லாரி போகுது. பனம்பழத்துக்கு லாரி இருக்கு. அங்க கட்டினா எங்க பிள்ளைங்க அவ்வளவு தூரம் நடக்கணும். என் பேத்தி ஆத்துத் தண்ணியக் குடிச்சு வந்தா. பழைய எடத்துலயே கட்டுங்க. அவ்வளவுதான்."

திரையின் அடியில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. நான் பேசியதுதான் அது, மலாயில் மாறி ஓடுகிறது என்றாள் பெலிண்டா. எனக்கு எழுத்துத் தெரியாது. என் வாயிலிருந்து கிளம்பிய எறும்பு வரிசை அந்த மண்டபத்தைக் கடப்பதை வாய் பிளந்து பார்த்தேன்.

ஓட்டுக்கு யாரும் கை தூக்கவில்லை. விரலை மேசையில் வைத்தார்கள். சுவர் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. சிவப்பு கொஞ்சம். மற்றதெல்லாம் பச்சை, மழை முடிந்த மலை மாதிரி.

பெலிண்டா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சுட்டோம் தாத்தா! நம்ம எடத்துலதான் பாலம்!"

"கம்பி வந்து எறங்கட்டும்மா. அப்ப அழுவோம்."

"இன்னுமா நம்பல?" என்றார் ரெங்கி.

பள்ளி விடும் நேரம். துடுப்பை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினேன். அக்கரையில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்று கையசைத்தன. நடுவில் ஆறு மண் நிறத்தில், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.