பச்சைக்குள் போன காஸ்திலியோனே

மகள் கல்யாணத்துக்கென்று என் கணவர் அடெல்மோ ஃப்ளாரன்ஸ் கடையொன்றில் பழைய வரைபட அச்சு ஒன்றை வாங்கி வந்தார். எங்கள் கர்ஃபஞ்ஞானா மலைப்பகுதி முழுவதும் அதில் இருந்தது. வாங்கும்போது கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா நெல்லோ கீழூர்க்காரர். முற்காலத்தில் கீழூரும் சுற்றியுள்ள மலைகளும் மோதேனா டியூக்குக்குச் சொந்தம். நடுவில் எங்கள் ஊரான காஸ்திலியோனே மட்டும் லூக்கா குடியரசோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1613இல் டியூக்கின் பீரங்கிகள் எங்கள் மதிலை முற்றுகையிட்டபோதும் எங்கள் ஊர் லூக்காவை விடவில்லை. அந்தப் பெருமையைச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே மாட்டத்தான் இவர் படத்தை வாங்கியதே.

கல்யாணத்தன்று காலை பூங்கொத்தோடு வந்த நெல்லோ படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"சம்பந்தி, லூக்கா ரோஸு, டியூக்கு பச்சை. அப்படித்தானே?"

"ஆமா. நல்லாப் பாத்துக்கங்க."

"உங்க ஊரும் பச்சையால்ல இருக்கு?"

அடெல்மோ கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். முகம் செத்துவிட்டது.

"அச்சு வெறும் கறுப்புதான்யா. கலரு பின்னால எவனோ கையால தீட்டினது. அந்தக் கழுதைக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு."

"நாங்க பீரங்கி வெச்சும் நடக்கல. நீங்களே காசு குடுத்து முடிச்சுட்டீங்க."

"இப்படிப் பேசுற வீட்டுக்குப் பொண்ணக் கூட்டிட்டு வரமாட்டேன். சர்ச்சுக்கே வரல."

வெள்ளைக் கவுனில் நின்ற மகள் இலாரியா சொன்னாள்: "அப்பா, நான் டியூக்கக் கட்டிக்கல. குழாய் ரிப்பேர் பண்றவனக் கட்டிக்கறேன்."

யார் கேட்டார்கள்? அவர் படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, மகளுடைய பழைய வண்ணப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். எங்கள் ஊர்மேல் ரோஸ் பூசினார். பழைய தாள் தண்ணீரை அப்படியே குடித்தது. ரோஸும் பச்சையும் கலந்து சேறாகி, ஆற்றைத் தாண்டிக் கீழூரையும் மூடின.

"யோவ், எங்க ஊரு எங்கய்யா?" என்று நெல்லோ பாய்ந்தார். "தொடைக்காதீங்க, ஒத்தி எடுங்க. தங்கச்சி, தலை காயவைக்கிற மெஷின் இருக்கா?"

இப்போது இரண்டு கிழங்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒத்தி எடுத்தன. சர்ச் மணி அடித்தது. நான் கூப்பிட்டேன். இரண்டுமே நிமிரவில்லை.

"வாடி. இதுங்க முடிக்கறதுக்குள்ள உனக்குப் பேரனே பொறந்துடுவான்" என்று மகளின் கையைப் பிடித்து நடந்தேன்.

சர்ச் வாசலில் அடெல்மோ மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கைய விடு. அப்பன்தான் கூட்டிட்டுப் போகணும்."

"அவளுக்கு இன்னொரு கை இருக்கு. அதப் பிடிங்க."

பிடித்தார். மூவருமாக உள்ளே போனோம்.

நெல்லோ கடைசியாக வந்தார். ஈரத் தாளை இரு முனையில் தூக்கிப் பிடித்தபடி முதல் வரிசையில் உட்கார்ந்து, மடியில் விரித்துக்கொண்டார். எல்லோரும் முழங்காலிட்டபோது அவர் அசையவில்லை. மாப்பிள்ளை திரும்பி முறைத்தான்.

"ஈரமா இருக்குடா" என்றார், சர்ச் முழுக்கக் கேட்கும்படி.