கடைமடைக்கு எப்போது தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாடிப்பட்டிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்க வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு என்னுடையது. மூன்றாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை, வகுப்புக்கு நாலைந்து பேராக நாற்பது பிள்ளைகள் வருவார்கள். அந்தப் பீரியடின் மேல் கணக்கு சாருக்கு ரொம்ப நாளாகக் கண்.

தலைமையாசிரியர் ராயப்பன் சார் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். "ஆண்டு விழாவுல நாடகம் எப்படி வருதுன்னு பாப்போம், டயானா டீச்சர். சொதப்புனா அந்தப் பீரியடு கணக்குக்குப் போயிரும்."

மனுஷர் நல்லவர்தான். ஆனால் நாடகம் என்றால் அவருக்கு மனப்பாடம். எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும், மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எடுத்துக்கொடுக்க வேண்டும். பெரிய வகுப்புக்குப் பெரிய வேஷம், சின்ன வகுப்புக்கு மரம், முயல். எனக்கு அது ஆகாது. "நீங்க அந்த ஆளா இருந்தா என்ன சொல்வீங்க?" என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் நாடகம் கட்டுவேன்.

இந்த முறை கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடும் கதை. யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று முடிவு செய்யும் நீர்பாய்ச்சி வேஷத்தை நாலாம் வகுப்பு முனீஸ்வரிக்குக் கொடுத்தேன். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் பத்து ஏக்கர் வைத்திருக்கும் பண்ணையார், பதினொன்றாம் வகுப்பு செல்வக்குமார். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்தவன். அவள் அவன் இடுப்புக்குத்தான் வருவாள்.

"அவ சொல்லி இவன் கேக்கணுமா? பாக்குறவங்க சிரிப்பாங்க," என்றார் ராயப்பன் சார். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிறையச் சனம். நாடகம் பாதிவரை நன்றாகவே போனது. "தலைமடைக்கு மூணு நாள் தண்ணி. மிச்சம் இருந்தா கடைமடைக்கு," என்று முனீஸ்வரி அறிவித்தாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். மொக்கைச்சாமி, செல்வக்குமாரின் அப்பா. நிஜத்திலேயே கடைமடையில் ரெண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் வாடுகிறவர்.

"மிச்சம் இருந்தாவா? போன வருசமும் இதத்தேன் சொன்னீக. எம்பயிரு கருகிப் போச்சு. அதுக்கு என்ன வழி?"

இது நாடகம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ராயப்பன் சார் திரையை இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். போச்சு, கணக்கு சார் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். திரைக்கயிறு என் கையில்தான் இருந்தது. நான் இழுக்கவில்லை.

முனீஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தாள். "உங்களுக்கு எம்புட்டு நெலம்ணே?"

"ரெண்டு ஏக்கரு."

"இவருக்குப் பத்து." பண்ணையார் பக்கம் திரும்பினாள். "மூணு நாள்ல ஒரு நாள விட்டுக்குடுங்க."

செல்வக்குமார் அப்பாவைப் பார்த்தான். வெலவெலத்துப் போவான் என்று நினைத்தேன். அவனோ ஒட்டுமீசையை நீவிக்கொண்டு, "எம்பயிரு காஞ்சா அந்தாளு வந்து தண்ணி ஊத்துவாரா?" என்றான். சனம் ஓவென்று சிரித்தது.

"மூணு நாளும் நீ பாய்ச்சுனா பாதித் தண்ணி ஓடையிலதானடா போகுது," என்றார் மொக்கைச்சாமி, பெற்ற மகனிடம், நிஜமான கோபத்தோடு.

அந்த இடத்துக்கு நாங்கள் ஒத்திகையே பார்த்ததில்லை. செல்வக்குமார் மீசையிலிருந்து கையை எடுத்தான். "சரி, ஒருத்தர் வயித்தெரிச்சல் நமக்கெதுக்கு. ரெண்டு நாள் போதும்," என்றான்.

"மூணாம் நாள் கடைமடைக்கு," என்று தீர்ப்புச் சொன்னாள் முனீஸ்வரி. தவளைகளாக உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பு, யாரும் சொல்லாமலே கத்தத் தொடங்கியது. மொக்கைச்சாமி உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

நாடகம் முடிந்ததும் ராயப்பன் சார் திரைக்குப் பின்னால் வந்தார்.

"அதெல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததா?"

"இல்ல சார். அதுகளாப் பேசுனது."

மேடையில் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எட்டிப் பார்த்தார். "அடுத்த வருசம் அந்த மொக்கைச்சாமிய மட்டும் முன்வரிசையில உக்கார வைக்காதீங்க, டீச்சர்."

அடுத்த வருஷம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"ஆகட்டும் சார்," என்றேன். மொக்கைச்சாமிக்குத்தான் முதல் நாற்காலி.